கடைமடையும் கணவாயும்

சோழமண்டலக் கரையில், காவிரி தன் கிளைகளுக்கெல்லாம் நீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு கடலைச் சேர்கிற இடத்தில், ஒரு புறம் கடலும் மூன்று புறம் தஞ்சை மண்ணுமாகச் சூழ்ந்திருக்க, சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த காரைக்கால், 1739-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது முதல் 1954 நவம்பர் 1 வரையில், இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றி வைத்திருந்த காலங்கள் நீங்கலாக, பாரிசின் சட்டத்துக்கு உட்பட்டிருந்த பிரதேசம். பத்திரப் பதிவிலும் பள்ளிக்கூடத்திலும் வீதிகளின் அமைப்பிலும் அந்த ஆட்சியின் சுவடு இன்றும் தெரிகிறது.

நீர் ஒன்றில் மட்டும் பாரிசின் ஆணைக்கு இங்கே செல்வாக்கு இருந்ததில்லை. அரசலாறும் திருமலைராஜனாறும் நாட்டாறும் நூலாறும் வாஞ்சியாறும் தஞ்சைச் சீமையைக் கடந்தே இங்கு வந்து சேர்கின்றன. 1799-க்குப் பின் தஞ்சைச் சீமை ஆங்கிலேயர் வசமாகிவிட்டபடியால், தலைமடையின் கதவுகள் ஓர் அரசின் கையிலும் கடைமடையின் வயல்கள் மற்றோர் அரசின் கையிலுமாக, ஒன்றரை நூற்றாண்டுக் காலம் காரைக்கால் குடியானவன் அயலார் திறந்துவிட்ட நீரையே நம்பிப் பயிர் செய்தான். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கென்று 7 டி.எம்.சி. ஒதுக்கியது இந்த வயல்களுக்காகத்தான் என்றாலும், எழுத்தில் ஒதுக்கிய நீர் வாய்க்காலில் வருவது மழையையும் மேலே உள்ளவர் மனத்தையும் பொறுத்தது என்பதைக் கடைமடையில் எவரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வருகிற நீரின்மேல் அதிகாரம் இல்லாத குடியானவனுக்குத் தன் வாய்க்காலின் தலைப்பின்மேல் மட்டும் அதிகாரம் உண்டு. ஆறு மெலிந்து ஓடுகிற ஆண்டில் அவன் தலைப்பைத் தூர் வாரி அகலமாக்குவான். மணலும் தழையும் கொண்டு ஆற்றின் குறுக்கே கொரம்பு கட்டி, கிடைத்த நீரைத் தன் பக்கம் திருப்புவான். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் புரண்டு வருகையில் அதே வாயை மண்ணிட்டுச் சுருக்குவான். ஆற்றை மாற்ற இயலாதவன் வாயை மாற்றி, வயலில் நிற்கும் நீரை ஒரு நிதானத்தில் வைத்துக்கொள்கிற இவ்வழக்கத்தை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. மூளையிலுள்ள நரம்பணுக்கள் ஏறக்குறைய இதையே செய்கின்றன என்று விஞ்ஞானிகள் நேரில் கண்டது 2010-ஆம் ஆண்டில்தான். அவ்வளவு காலம் அது கண்ணுக்குத் தப்பியதற்கோ, காரைக்கால் வலைகளில் விழுகிற ஒரு பிராணியும் ஓரளவு பொறுப்பாளி.

நரம்பணுவின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதற்கு ஓர் உடல் உண்டு. அவ்வுடலிலிருந்து பல கிளைகள் புறப்பட்டு, பிற அணுக்கள் அனுப்பும் செய்திகளை ஏற்கின்றன. ஒரே ஒரு நீண்ட இழை மட்டும் வெளியே சென்று அவ்வணுவின் செய்தியை மற்றவற்றுக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆக்ஸான் எனப்படுவது இந்த இழை. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நோக்கிச் செல்லும் ஆக்ஸான் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். மூளைக்குள்ளேயே முடிந்துவிடுபவை பல மில்லிமீட்டர் கணக்கிலேயே நிற்கும். உள்ளே வரும் செய்திகள் சேர்ந்து ஓர் எல்லையை எட்டினால் ஆக்ஸானில் ஒரு மின் துடிப்பு எழுகிறது. எட்டாவிட்டால் ஒன்றும் எழுவதில்லை. அரைத் துடிப்பு என்பதற்கு அங்கே இடமே இல்லை. எவ்வளவு தூண்டினால் ஓர் அணு துடிக்கும் என்பதையே அதன் கிளர்வுத்திறன் என்கிறோம். அது அளவுக்கு மிஞ்சினால் வலிப்பாகவும், அளவுக்குக் குறைந்தால் மந்தமாகவும் முடியுமாதலால், உயிர் வாழ்வதற்கு அதை ஒரு வரம்புக்குள் நிறுத்தி வைப்பது அவசியம். இந்த வரம்பை அணு எங்கே, எதைக் கொண்டு நிர்ணயிக்கிறது என்பதுதான் கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இக்கேள்வியை எழுப்பவே இல்லை. அதற்கு வாய்த்த உவமை அதைக் கேட்கவிடவில்லை. நரம்பின் வேகத்தை அளப்பது மனிதரால் ஆகாத காரியம் என்று யோகான்னஸ் முல்லர் என்ற பேராசிரியர் கருதியிருந்தார். அவருடைய மாணவரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் தவளையின் காலிலுள்ள நரம்பையும் தசையையும் கொண்டு அதை அளந்து, வினாடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று காட்டினார். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்த மந்தமான எண்ணைக் கண்டு அக்காலத்தவர் வியந்தார்கள். ஆயினும் அது ஐரோப்பா முழுவதும் தந்திக் கம்பங்கள் எழுந்துகொண்டிருந்த காலமாகையால், நரம்பைத் தந்திக் கம்பியோடு ஒப்பிடாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸும் அவ்வாறே ஒப்பிட்டார். பிரான்சில் கிளாட் பெர்னாரின் சீடரும், பின்னர் காலேஜ் த பிரான்சில் 1875 முதல் பேராசிரியராக விளங்கியவருமான லூயி ரான்வியே, 1871-ல் நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்புறையில் ஒழுங்கான இடைவெளிகளில் சுருங்கிய கணுக்கள் இருப்பதைக் கண்டு எழுதினார். அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அவரும் அந்தக் கொழுப்புறையைப் பற்றிப் பேச நேர்ந்தபோது, கடலடியில் இடும் தந்திக் கேபிளுக்கு மின்சாரம் கசியாதபடி உறை போடுவதையே எடுத்துக்காட்டினார். புதுச்சேரியில் 1823-லேயே பிரெஞ்சு மருத்துவப் பள்ளி ஒன்று தொடங்கியது. அதன் வழிவந்த ஜிப்மர் 2016 முதல் காரைக்காலிலும் மருத்துவ வகுப்பு நடத்துகிறது. இங்குள்ள முதலாண்டு மாணவர் திசுவியலில் படித்தாக வேண்டிய பிரெஞ்சுப் பெயர்களில் ரான்வியேயின் பெயர் ஒன்று.

கம்பி உவமையின் தீங்கு என்னவென்றால், கம்பிக்கு அபிப்பிராயம் கிடையாது. ஒரு முனையில் கொடுத்ததை மறுமுனையில் சேர்ப்பதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பார் இல்லை. நரம்புகளை வெள்ளி உப்பால் கறுக்கவைத்துக் காணும் முறையை 1873-ல் கண்ட கொல்ஜியும், அம்முறையைக் கொண்டே 1888 முதல் நரம்பணு ஒவ்வொன்றும் தனித்தனி உயிரணு என்று நிலைநாட்டிய ஸ்பெயின் தேசத்துக் கஹாலும், 1906-ல் ஒரே நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே மேடையில் ஒருவரை ஒருவர் மறுத்தார்கள். கற்றலினாலும் பழக்கத்தினாலும் நரம்பின் கிளைகளும் நுனிகளும் மாறக்கூடும் என்று கஹால் கருதினார். ஆக்ஸான் புறப்படும் அடிப்பகுதி மாறும் என்று எதிர்பார்க்க அவருக்கும் அந்நாளில் முகாந்திரம் ஏதும் இல்லை.

இனி அந்தப் பிராணிக்கு வருவோம். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, அக்கம்பேட்டை முதலிய மீனவ ஊர்களின் படகுகள் கொண்டுவரும் மீன்களோடு கணவாயும் வரும். உள்ளே கனத்த வெள்ளை ஓடு உடையது ஓட்டுக் கணவாய். அந்த ஓடுதான் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கப்படுவது. உடல் நீண்டு, உள்ளே மெல்லிய கண்ணாடித் தகடு போன்ற ஒன்றை மட்டும் உடையது ஊசிக் கணவாய். தூண்டிலுக்கு இரையாகவும் ஏழைகளின் குழம்புக்குமாகக் கழிந்துகொண்டிருந்த இச்சரக்கு, உறைபதன ஏற்றுமதி வந்த பிறகு, இறாலுக்கு அடுத்தபடியாக விலை கேட்கப்படும் நிலைக்கு உயர்ந்தது. இந்தியக் கடல்களில் மிகுதியாகக் கிடைக்கும் ஊசிக் கணவாய் இனத்தின் விஞ்ஞானப் பெயரில் ஆல்பிரெட் டுவோசெல் என்ற பிரெஞ்சு இளைஞரின் நினைவு இருக்கிறது. பெரும் பிராணிநூலறிஞர் குவியேயின் மனைவிக்கு முதல் மணத்தில் பிறந்த அவர், 1818-ல் வங்காளம் வந்து, சந்திரநாகூரில் தங்கிப் பிராணிகளைச் சேகரித்துப் பாரிசுக்கு அனுப்பிக்கொண்டிருந்து, 1824-ல் சென்னையில் காலமானார். 1835-ல் தோர்பிஞ்யி என்ற அறிஞர் இக்கணவாயை வருணித்தபோது அவர் பெயரை அதற்கு இட்டார்.

ஆபத்து நேர்கையில் ஊசிக் கணவாய் தன் உடற்சுவர் முழுவதையும் ஒரே கணத்தில் சுருக்கி, உள்ளிருக்கும் நீரைக் குழல் வழியே பீய்ச்சிப் பின்புறமாகப் பாய்ந்து தப்பும். வலையை இழுப்பவன் முகத்தில் அந்நீர் பட்டிருந்தால் அவனுக்கு இதைச் சொல்ல வேண்டாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டளை புறப்படும் நரம்புத் திரளுக்கு அருகிலுள்ள தசையும் தொலைவிலுள்ள தசையும் சேர்ந்தாற்போல் சுருங்கினால்தான் நீர் வேகத்தோடு வெளிப்படும். ஆகவே தொலைவுக்குச் செல்லும் செய்தி விரைந்து ஓட வேண்டும். கொழுப்புறை இல்லாத கணவாய்க்கு வேகம் பெற ஒரே வழி இழையைப் பருக்கவைப்பது. தடித்த இழையில் துடிப்பு விரைந்து ஓடும். அதனால் எட்டியிருக்கும் தசைக்குப் போகும் ஆக்ஸான் கிட்ட இருப்பதற்குப் போவதைவிடப் பருமனாக அமைந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான நரம்பணுக்களின் இழைகள் ஒன்றாய்க் கலந்து உண்டான அது, அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை விட்டமுடையது. மனித உடலின் மிகத் தடித்த ஆக்ஸானோ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆக்ஸானின் உருவமே செய்தியின் காலத்தை நிர்ணயிக்கிறது என்ற உண்மையை இக்கரையின் கணவாய் இனத்தைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டும் பிராணி வேறில்லை. அது நாள்தோறும் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஏலம் எடுத்தவர்களுக்கு நரம்பைப் பற்றிக் கவலையில்லை.

அமெரிக்கக் கரையில் வில்லியம்ஸ் என்பவர் 1909-லேயே இப்பேரிழையைக் கண்டு எழுதியிருந்தும் அது பலர் கவனத்துக்கு வரவில்லை. ஆங்கிலேயரான ஜே. இசட். யங் 1936-ல் அது இரத்தக்குழாய் அன்று, நரம்பே என்று நிறுவிய பின்புதான் ஆராய்ச்சி உலகம் கணவாயை நாடிப் புறப்பட்டது. 1939-ஆம் ஆண்டுக் கோடையில், பிளிமத் கடலாராய்ச்சிக் கூடத்தில், ஆலன் ஹாட்ஜ்கினும் அவருடைய மாணவர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அப்பேரிழைக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாய்க் கம்பியைச் செலுத்தி, துடிப்பு எழும் தருணத்தில் உள்ளிருக்கும் மின்னழுத்தத்தை முதன்முறையாக நேரடியாக அளந்தார்கள். உள்ளேயுள்ள எதிர்மின் நிலை சுழியை எட்டி நின்றுவிடும் என்பது முந்தைய கொள்கை. துடிப்போ சுழியைக் கடந்து நேர்மின் பக்கம் ஏறிவிட்டது. சில வாரங்களில் யுத்தம் மூண்டது. ஹாட்ஜ்கின் ராடார் வேலைக்குப் போனார். யுத்தம் முடிந்து திரும்பிய பின், கோல் என்ற அமெரிக்கர் வகுத்த மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் உத்தியைத் திருத்தி எடுத்துக்கொண்டு, முதலில் சோடியம் உள்ளே பாய்வதும் பிறகு பொட்டாசியம் வெளியேறுவதுமே துடிப்பு என்று, கணிதச் சமன்பாடுகளோடு 1952-ல் ஐந்து கட்டுரைகளாக வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜின் மின்கணிப்பொறி அச்சமயம் வேலை செய்யாததால், ஹக்ஸ்லி கையால் சுற்றும் பிரன்ஸ்விகா இயந்திரத்தில் வாரக்கணக்கில் கணக்கிட்டார். துடிப்பு வினாடிக்கு 18.8 மீட்டர் ஓட வேண்டும் என்று அவர் கணக்கு சொல்லிற்று; கணவாயின் இழையில் அளந்தபோது 21.2 மீட்டர் ஓடிற்று. காகிதத்தில் எழுதிய சமன்பாடு, கடலில் திரிந்த ஒரு பிராணியின் நரம்பை இவ்வளவு நெருங்கி வந்தது உயிரியலில் அபூர்வம்.

ஆனால் அந்த வரத்தோடு ஒரு குறையும் வந்து சேர்ந்தது. பரிசோதனைக்கு ஏற்றதென்று தேர்ந்தெடுத்த அப்பேரிழை எந்த இடத்தில் வெட்டினாலும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே வெள்ளிக் கம்பி செருகி முழு நீளத்தையும் ஒரே மின்னழுத்தத்தில் நிறுத்தவும், ஒரே சமன்பாட்டில் அடக்கவும் முடிந்தது அதனால்தான். துடிப்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு அதில் அர்த்தமே இல்லை. ஆராய்ச்சியாளர் எங்கே தூண்டுகிறாரோ அங்கே தொடங்கும். உலகம் முழுவதும் பாடநூல்கள் கணவாயின் ஆக்ஸானையே ஆக்ஸானின் உதாரணமாக வைத்து எழுதப்பட்டபோது, தந்திக் கம்பி போய்ச் சோடியக் கம்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இது என் அபிப்பிராயம். கணவாயின் பெருமைக்கு இதனால் இழுக்கில்லை.

முதுகெலும்புள்ள பிராணிகளில் விஷயம் வேறு என்பதும் விரைவிலேயே தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஜான் எக்கில்ஸும் அவர் தோழர்களும் பூனையின் முதுகுத்தண்டில் தசையை இயக்கும் நரம்பணுக்களுக்குள் நுண்ணிய மின்முனையைச் செலுத்திப் பார்த்தபோது, துடிப்பின் ஏறுமுகத்தில் ஒரு சிறு வளைவு தென்பட்டது. துடிப்பு முதலில் ஆக்ஸானின் அடிப்பகுதியில் எழுந்து, பிறகே அணுவின் உடலுக்குப் பரவுகிறது என்று 1957-ல் அவர்கள் எழுதினார்கள். எக்கில்ஸ் 1963-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகிய அவ்விருவரோடுதான். 1968-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு பேலேயும் தோழர்களும் மின்னணு நுண்ணோக்கியில் அந்த அடிப்பகுதியைப் பார்த்து, சவ்வுக்கு உட்புறத்தில் அடர்ந்த ஒரு பூச்சும், கட்டுக்கட்டாய்ச் சேர்ந்த நுண்குழல்களும் அங்கு மட்டும் இருப்பதை வருணித்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே நீளமுள்ள அந்தத் தொடக்கத் துண்டு, ஆக்ஸானின் மற்ற பகுதிகளிலிருந்து வேறான ஓர் உறுப்பு என்பது இவ்விரண்டாலும் தெளிவாயிற்று.

தெளிவான பின்னும் நாற்பது ஆண்டுகள் போயின. 1973-ல் பிளிஸ், லோமோ என்ற இருவர் முயலின் மூளையில், நரம்பணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் பயிற்சியால் வலுப்பெற்று நெடுநேரம் அவ்வாறே நிற்பதைக் காட்டியது முதல், ஞாபகமும் கற்றலும் பற்றிய ஆராய்ச்சி அந்தச் சந்திப்பிலேயே குவிந்துவிட்டது. மாறுவது சந்திப்பு, மாறாதது ஆக்ஸான் என்பது எழுதப்படாத நியதியாயிற்று. மெதுவாக வேறோர் இடத்தில் வேலை நடந்தது. இரத்தச் சிவப்பணுவின் சவ்வைத் தாங்கும் புரதங்களை ஆராய்ந்துவந்த வான் பென்னட்டின் குழுவினர், அப்புரதக் குடும்பத்தில் ஒன்றான அங்கைரின்-ஜி நரம்பணுக்களில் தொடக்கத் துண்டிலும் ரான்வியேயின் கணுக்களிலும் மட்டுமே குவிந்திருப்பதை 1995-ல் கண்டார்கள். சோடியம் நுழையும் வாயில்களைச் சவ்வில் ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவது இந்த அங்கைரின்தான். அணுவின் உடலில் இருப்பதைப்போலப் பல மடங்கு நெருக்கமாக வாயில்கள் அங்கே குவிந்திருப்பதனாலேயே துடிப்பு அங்கே தொடங்குகிறது. பெருமூளையின் பெரிய அணுக்களில் அந்நெருக்கம் சுமார் 50 மடங்கு என்று 2008-ல் கோல் என்ற டச்சு ஆராய்ச்சியாளரும் பிறரும் கணக்கிட்டார்கள். சவ்வைத் தாங்கும் இந்தப் புரதச் சட்டத்தின் அழகை 2013-ல் ஹார்வர்டில் ஷியாவ்வெய் ஷுவாங்கின் குழு வெளிப்படுத்தியது: சாதாரண நுண்ணோக்கிக்கு எட்டாத நுட்பத்தில் பார்த்தபோது, ஆக்ஸான் நெடுகிலும் ஆக்டின் புரதத்தாலான வளையங்கள், ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் பங்கிட்டால் வரும் இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருந்தன.

இவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்ட ஒன்று இடம் பெயரும் என்று யார் நினைப்பார்? 2010-ஆம் ஆண்டு 'நேச்சர்' பத்திரிகையில் இரண்டு ஆய்வுகள் சேர்ந்து வந்தன. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மாத்யூ கிரப்பும் ஹுவான் புர்ரோனும், கண்ணாடித் தட்டில் வளர்த்த எலியின் மூளை அணுக்களை இரண்டு நாள் இடைவிடாது கிளர்ச்சியில் வைத்திருந்தபோது, தொடக்கத் துண்டு முழுவதும் தன் சட்டத்தோடும் வாயில்களோடும் அணுவின் உடலை விட்டு ஆக்ஸானில் விலகிப் போய் அமர்ந்தது. கிளர்ச்சியை நிறுத்தியதும் மீண்டு வந்தது. விலகியிருந்த அணுக்களைத் துடிக்கவைக்க அதிக மின்சாரம் வேண்டியிருந்தது. கியோட்டோவில் ஹிரோஷி குபாவும் தோழர்களும் கோழிக் குஞ்சின் உட்செவியை நீக்கிவிட்டு, ஓசை வராமல் போன மூளைத்தண்டு அணுக்களைச் சில நாள் கழித்துப் பார்த்தார்கள். அங்கே தொடக்கத் துண்டு நீண்டிருந்தது. வாயில்கள் அதிகமாகி, அணு எளிதில் துடிக்கும் தன்மை பெற்றிருந்தது.

கடைமடையில் பிறந்தவர்க்கு இவ்விரண்டு பரிசோதனைகளும் தனித்தனியாக விளக்க வேண்டியவை அல்ல. வரத்து வற்றியபோது வாய் நீள்கிறது. வரத்து மிஞ்சியபோது வாய் விலகுகிறது. தனக்கு வரும் செய்தியின்மேல் நரம்பணுவுக்கு அதிகாரம் இல்லை; அதை அனுப்புகிறவை ஆயிரக்கணக்கான பிற அணுக்கள். தன்னிடமிருந்து புறப்படும் இடம் ஒன்றையே அது திருத்தியமைக்க முடியும். அந்த ஒன்றைத் திருத்துவதனால் மொத்தப் பெருக்கையும் வரம்புக்குள் கொண்டுவருகிறது. ஒப்புமை இவ்வளவில் நிற்கட்டும். மண்வெட்டிக்கு ஈடாக அங்கே வேலை செய்வது சுண்ணாம்புச் சத்தான கால்சியம். அணு தொடர்ந்து கிளர்ந்திருக்கும்போது சவ்வின் வழியே கால்சியம் உள்ளே வருகிறது. அது கால்சினியூரின் என்ற நொதியைத் தூண்ட, அந்நொதியின் வழியே சட்டம் அவிழ்ந்து வேறிடத்தில் கட்டப்படுகிறது. இரண்டு நாள் ஆகும் இந்த இடப்பெயர்ச்சியே அன்றி, சில மணி நேரத்தில் துண்டு சுருங்கிப்போகும் விரைவான மாற்றமும் பின்னர் கண்டறியப்பட்டது.

எல்லா அணுக்களும் ஒரே விதியைப் பின்பற்றுகின்றன என்று எண்ணிவிடக்கூடாது. மோப்பத்துக்குரிய மூளைப்பகுதியில் டோபமின் சுரக்கும் அணுக்களை நீடித்த கிளர்ச்சியில் வைத்தபோது, லண்டன் குழுவினரே 2015-ல் தெரிவித்தபடி, தொடக்கத் துண்டு அணுவின் உடலை நெருங்கி வந்தது. முதலிற் சொன்னதற்கு நேர் எதிர். விலகினால் கிளர்வு குறையும் என்பதும் எல்லா அணுவுக்கும் பொருந்தாது. உடல் பெருத்த அணுவில் தொடக்கத் துண்டு உடலோடு ஒட்டியிருந்தால் அதன் மின்சாரம் அப்பெரிய உடலை நிரப்புவதிலேயே செலவழிந்துவிடுமாதலால், சற்று எட்டியிருப்பதே துடிப்பதற்கு அனுகூலம் என்று கணக்குகள் காட்டுகின்றன. ஒரு பக்கம் கிரப், புர்ரோன் கண்டது, மறுபக்கம் இது. இரண்டையும் சமரசப்படுத்தும் முயற்சி இன்னும் நடக்கிறது. ஒரே சூத்திரத்தில் அடங்கிவிட்டதென்று அவசரப்பட்டுச் சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதைவிட மனத்தைக் கவர்வது குபா 2006-லேயே வெளியிட்ட முந்தைய ஆய்வு. இரண்டு காதுகளுக்கும் ஓசை வந்து சேரும் நேர வேற்றுமையைக் கொண்டு திசையை அறியும் அணுக்கள் பறவையின் மூளைத்தண்டில் வரிசையாக இருக்கின்றன. தாழ்ந்த சுருதியைக் கேட்பவற்றில் தொடக்கத் துண்டு நீளமாகவும் உடலுக்கு அருகிலும், உயர்ந்த சுருதியைக் கேட்பவற்றில் குறுகியும் எட்டியும் அமைந்திருந்தன. தன் வேலைக்குத் தக்கபடி ஒவ்வோர் அணுவும் தன் தலைப்பை முன்கூட்டியே அமைத்துக்கொண்டிருக்கிறது. எலியின் மீசை மயிர்களைக் கத்தரித்து, அவற்றிலிருந்து செல்லும் தொடு உணர்ச்சியை நிறுத்தினால், அதற்குரிய மூளைப்பகுதியில் தொடக்கத் துண்டுகள் நீள்வதை 2021-ல் ஜெர்மனியின் ஆராய்ச்சியாளர்கள் காட்டியபோது, இது தட்டில் வளர்த்த அணுக்களின் விநோதம் மட்டும்தானோ என்ற சந்தேகம் பெரிதும் நீங்கிற்று.

கணவாய் கற்பித்த பாடமும் இந்நூற்றாண்டில் எதிர்பாராத இடத்தில் திரும்ப வந்தது. ஆக்ஸானின் பருமன் பிறப்போடு நிலைத்துவிடுவது என்று கருதியிருந்த வேளையில், போர்தோ பல்கலைக்கழகத்தில் வாலண்டின் நேகெர்ல் குழுவினர், மிக மெல்லிய ஆக்ஸான்களை உயிருள்ள நிலையில் நுட்பமாகப் பார்த்து, 2017-ல் ஒன்று தெரிவித்தார்கள். விரைந்த துடிப்புகள் ஓடியதும் ஆக்ஸானில் ஆங்காங்கே உள்ள முடிச்சுகள் சட்டென்று உப்புகின்றன. பிறகு சில நிமிஷங்களில் இடையிலுள்ள இழையும் சற்றே பருக்கிறது. பருத்ததற்கு ஏற்ப செய்தியின் வேகமும் மாறுகிறது. பருமன் சில சதவீதமே கூடுகிறது. ஆயினும் ஆயிரத்தில் ஒரு வினாடியைக் கொண்டு திசையறியும் மூளைக்கு அது சிறிய மாற்றமல்ல. தலைமுறை தலைமுறையாகக் கணவாய் தன் இழையைப் பருக்கவைத்துப் பெற்ற வேகத்தை, சிறிய ஆக்ஸான் நாழிகைக்குள் கொஞ்சம் பெற்றுவிடுகிறது.

நோய்களின் பக்கம் பார்த்தால், இவ்வமைப்பு கெடும் வழிகள் ஏற்கெனவே புலப்பட்டிருக்கின்றன. இரத்த ஓட்டம் தடைப்பட்டு மூளைக்குச் சேதம் நேரும்போது, கால்பெயின் என்ற நொதி கட்டுக்கடங்காத கால்சியத்தால் தூண்டப்பட்டு அங்கைரினை வெட்டிவிடுகிறது. தொடக்கத் துண்டு சிதைகிறது. ஆக்ஸானின் மற்ற பகுதி சிலகாலம் உயிரோடிருந்தும் செய்தி எழுவதில்லை. எலிகளில் அந்நொதியைத் தடுத்தபோது தொடக்கத் துண்டு பிழைத்தது என்று ஷேஃபர் முதலியோர் 2009-ல் எழுதினார்கள். கால்சியமே இங்கும் காரணம் என்பதைக் கவனிக்க வேண்டும்: அளவோடு வந்தால் வாயைத் திருத்துவதும், அளவு கடந்து வந்தால் வாயையே உடைப்பதும் அதுவே. இதற்கு முந்தைய ஆண்டு நடந்த மற்றொரு பரிசோதனையில், முழுமையாக வளர்ந்துவிட்ட நரம்பணுக்களிலிருந்து அங்கைரின்-ஜி-யை மட்டும் நீக்கினார்கள். சோடிய வாயில்கள் சிதறிப்போகும் என்று எதிர்பார்த்தார்கள், சிதறின. ஆனால் அதற்கு மேலும் ஒன்று நேர்ந்தது. அதுவரை செய்தியை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த ஆக்ஸான், செய்தியை ஏற்கும் கிளைகளுக்கே உரிய புரதங்களைத் தன்னுள் அனுமதித்து, அவற்றுக்கே உரிய முட்களை வளர்த்துக்கொண்டு, பிற அணுக்களின் நுனிகள் வந்து சந்திக்கும் இடமாகத் தானும் மாறத் தொடங்கிற்று.